கப்பலைத் தவறவிட்டால் தலைக்கு 900 டாலர் தண்டம்! கட்டிய பணம் திரும்பி வருமா?

கள்ளக்குறிச்சி,

வெள்ளிமலை போகும் கடைசி பஸ்சை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒரு ராத்திரி படுக்க வேண்டும். டீக்கடையில் இரண்டு டீ செலவு. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் உல்லாசக் கப்பலை விட்டுவிட்டால் கதையே வேறு. போன டிக்கெட் பணம் போனதுதான். ஊர் திரும்ப விமான டிக்கெட் கைக்காசில் எடுக்க வேண்டும். அதற்கு மேல், "சட்டப்படி அபராதம்" என்று தலைக்கு 900 டாலருக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். குழந்தை, கிழவி என்று பார்ப்பது கிடையாது. தலைக்கு இவ்வளவு என்றால் இவ்வளவு!

"இது என்ன அநியாயம்? கப்பல் எங்களை விட்டுவிட்டுப் போனதற்கு நாங்களே அபராதம் கட்டுவதா? பணத்தைத் திருப்பிக் கொடு" என்று பிரயாணிகள் சண்டைக்கு நிற்கிறார்கள்.

இந்தச் சண்டைக்கும் கடலே இல்லாத கள்ளக்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். அப்பா அம்மா விசா வாங்கிக்கொண்டு ஆறு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வருகிறார்கள். போன இடத்தில், "வாங்கப்பா, அலாஸ்கா கப்பல்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்று பையன் கூப்பிடுகிறான். டிக்கெட்டின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பையனும் படிப்பதில்லை, அப்பாவும் கேட்பதில்லை.

9 பேருக்கு 9,000 டாலர்

2024 ஜூலையில் நடந்த சம்பவம் இது. அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் இருந்து "நார்வேஜியன் என்கோர்" என்ற பிரமாண்டமான கப்பல் அலாஸ்காவுக்குப் புறப்பட்டது. அதில் 9 பேர் கொண்ட ஒரு குடும்பம் ஏறியது.

வழியில் கெட்சிகன் என்ற அலாஸ்கா ஊரில் கப்பல் நின்றது. மரவெட்டிகள் செய்து காட்டும் வித்தையைப் பார்க்கக் குடும்பத்தார் இறங்கிப் போனார்கள். திரும்பும் பஸ்சில் குழப்பம். அவர்கள் துறைமுகத்துக்கு வருவதற்குள் கப்பல் கிளம்பிப் போய்விட்டது.

பெட்டி, படுக்கை, மாத்திரை, மருந்து எல்லாம் கப்பலோடு போய்விட்டது. விமானத்தைப் பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்து பார்த்தால் கணக்கில் சுமார் 9,000 டாலர் அபராதம்! அன்றைய மதிப்பில் ஏழரை லட்சம் ரூபாய்.

விஷயம் பத்திரிகை, டெலிவிஷன் என்று பரவியது. பிறகு கப்பல் கம்பெனி இறங்கி வந்தது. செலவு செய்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடியும் தருவதாகச் சொன்னது.

சத்தம் போட்டவர்களுக்கு வழி பிறந்தது. சத்தம் போடாதவர்களுக்கு?

138 வருஷத்துச் சட்டம்

அபராதம் கேட்பது எந்தச் சட்டம்? அந்தச் சம்பவம் நடந்தபோது அதற்கு வயது 138. 1886-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட "பிரயாணிக் கப்பல் சேவைச் சட்டம்".

சட்டம் சொல்வது இதுதான்: அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் ஆளை ஏற்றி, அமெரிக்காவின் இன்னொரு துறைமுகத்தில் இறக்கும் தொழிலை அமெரிக்கக் கப்பல்தான் செய்யலாம். அமெரிக்கக் கப்பல் என்றால் அமெரிக்காவில் கட்டியிருக்க வேண்டும். சொந்தக்காரர் அமெரிக்கராக இருக்க வேண்டும். அமெரிக்கக் கொடி பறக்க வேண்டும். அன்னியக் கப்பல் அந்த வேலையைச் செய்தால் ஒவ்வொரு பிரயாணிக்கும் இவ்வளவு என்று அபராதம்.

அந்தக் காலத்தில் பெரிய ஏரிகளில் கனடாக்காரர்களின் கப்பல்கள் போட்டிக்கு வந்தன. உள்ளூர்க் கப்பல்காரர்களைக் காப்பாற்றத்தான் இந்த வேலியைப் போட்டார்கள். முதலில் அபராதம் தலைக்கு 2 டாலர். 1898-ல் அதையே 200 டாலர் ஆக்கினார்கள். பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே வந்து, இப்போது 900 டாலரைத் தாண்டி நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வேலி இருக்கிறது, உள்ளே பயிர் இல்லை. அமெரிக்கக் கொடியோடு கடலில் ஓடும் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றே ஒன்றுதான். "பிரைட் ஆஃப் அமெரிக்கா" என்ற அந்தக் கப்பல் ஹவாய் தீவுகளைச் சுற்றி வருகிறது. மற்ற பெரிய கப்பல்கள் எல்லாம் பகாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றன. அங்கே வரி குறைவு. சம்பளச் சட்டமும் தளர்வு.

அப்படியானால் அந்தக் கப்பல்கள் சியாட்டிலில் ஏற்றி சியாட்டிலிலேயே இறக்குவது எப்படி? அதற்கு ஒரு சந்து இருக்கிறது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் குற்றம் இல்லை. அலாஸ்கா போகும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் ராத்திரி நேரத்தில் சில மணி நேரம் நின்றுவிட்டு வருவதன் ரகசியம் இதுதான். ஊர் பார்க்க அல்ல, சட்டத்துக்குக் கணக்குக் காட்ட!

2021-ல் கொரோனாவுக்காகக் கனடா தன் துறைமுகங்களைக் கப்பல்களுக்கு மூடியது. தொட இடம் இல்லாமல் அலாஸ்கா வியாபாரமே படுத்துவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கா அவசரமாகத் தற்காலிகச் சட்டம் ஒன்று போட்டு விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கெட்சிகனில் தவறிப்போன குடும்பத்தின் கதை இப்போது புரியும். சியாட்டிலும் அமெரிக்கா, கெட்சிகனும் அமெரிக்கா. ஏறியது ஓர் அமெரிக்கத் துறைமுகம். பயணம் முடிந்தது இன்னோர் அமெரிக்கத் துறைமுகம். கப்பலோ அன்னியக் கப்பல். சட்டத்தின் கண்ணில் அவர்கள் அங்கே "இறங்கிவிட்டவர்கள்". வேண்டுமென்று இறங்கினார்களா, விட்டுவிட்டுப் போனார்களா என்று சட்டத்தின் எழுத்து கேட்பது இல்லை.

இரண்டு டிக்கெட், ஒரே கப்பல்

தவறவிட்டவர்கள் மட்டும் மாட்டுவது இல்லை. ஒழுங்காக ஏறி, ஒழுங்காக இறங்கியவர்களும் மாட்டலாம்.

இப்படி வைத்துக்கொள்வோம். கச்சிராயபாளையத்தில் இருந்து போன ஒரு தம்பதி, லாஸ் ஏஞ்சல்சில் இருந்து கனடாவின் வான்கூவருக்கு ஒரு டிக்கெட் வாங்குகிறார்கள். அது குற்றம் இல்லை. அதே கப்பல் மறுநாள் வான்கூவரில் இருந்து அலாஸ்காவின் சீவார்டு துறைமுகத்துக்குப் போகிறது. "நல்லா இருக்கே, இதுலயும் போவோம்" என்று இரண்டாவது டிக்கெட். அதுவும் தனியாகப் பார்த்தால் குற்றம் இல்லை.

ஆனால் இரண்டையும் சேர்த்தால்? லாஸ் ஏஞ்சல்சில் ஏறி அலாஸ்காவில் இறங்கியதாகச் சட்டம் கணக்குப் போடுகிறது. இரண்டு டிக்கெட்டும் ஒரே பயணம் ஆகிவிடுகிறது! பக்கத்து நாட்டைத் தொட்டது போதாது. தென் அமெரிக்கா போன்ற தூர நாட்டைத் தொட்டிருந்தால்தான் தப்பிக்கலாம். மியாமியில் இருந்து பனாமா கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் கப்பல்கள் கொலம்பியாவின் கார்டஹேனா துறைமுகத்தில் நிற்பது அதனால்தான்.

இதே தம்பதி இரண்டாவது பயணத்தை வேறு கப்பலில் போயிருந்தால் தொல்லையே இல்லை.

நம் ஊர் ஆம்னி பஸ்

தூரத்துச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் ரோட்டிலேயே இதற்கு அண்ணன் தம்பி உண்டு.

2024 ஜூன் மாதம் தமிழ்நாடு போக்குவரத்துத் துறை ஓர் உத்தரவு போட்டது. நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம், புதுச்சேரி என்று வெளி மாநிலங்களில் பதிவு செய்துவிட்டு, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் ஆள் ஏற்றி இறக்கும் ஆம்னி பஸ்கள் ஓடக் கூடாது என்பது உத்தரவு. அப்படிப்பட்ட பஸ்கள் 547 என்று கணக்குச் சொன்னார்கள். டூரிஸ்ட் பெர்மிட்டில் வந்த பஸ் டவுன் பஸ் போல ஆள் ஏற்றலாமா என்பதுதான் அங்கேயும் கேள்வி.

உளுந்தூர்பேட்டை - சேலம் ரோட்டில் அப்படி ஒரு பஸ்சை அதிகாரிகள் நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம். ஜெயில் தண்டனையும் உண்டு. அது யாருக்கு? ஓட்டியவருக்கு, ஓட்டச் சொன்னவருக்கு. உள்ளே தூங்கிக்கொண்டு வந்தவருக்கு அல்ல. கண்டக்டர் துண்டை ஏந்திக்கொண்டு, "எல்லாரும் ஆளுக்கு இவ்வளவு போடுங்க, ஃபைன் கட்டணும்" என்று வந்தால் சும்மா விடுவார்களா? பஸ்சை விட்டே இறக்கிவிடுவார்கள்!

கப்பலில் நடப்பது அதுதான். 1886-ம் ஆண்டுச் சட்டம் அபராதம் போடுவது கப்பலுக்கு. பிரயாணிக்கு அல்ல. அமெரிக்கச் சுங்கத்துறை பிரயாணியைத் தேடி வருவது இல்லை. கப்பல் கம்பெனிக்குத்தான் நோட்டீஸ் அனுப்புகிறது.

பிறகு பிரயாணி தலையில் எப்படி விழுகிறது? டிக்கெட் ஒப்பந்தம் வழியாக விழுகிறது. "உங்களால் கப்பலுக்கு அபராதம் வந்தால் அதை நீங்களே கொடுக்க வேண்டும்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. கப்பலில் ஏறும்போதே கிரெடிட் கார்டு நம்பரை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே பிரயாணி கட்டுவது சர்க்காருக்குக் கட்டும் அபராதம் அல்ல. கம்பெனிக்குக் கொடுக்கும் ஈட்டுத் தொகை. பணம் திரும்ப வருமா வராதா என்ற வழக்கின் முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

யார் தப்பு?

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு போகும் கப்பல் இரண்டு பேருக்காகக் காத்திருக்க முடியாது. "நாலு மணிக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியும், கடை வீதியில் நின்றுவிட்டு ஐந்து மணிக்கு வருகிறவருக்காகக் கம்பெனி ஏன் அபராதம் கட்ட வேண்டும்? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் தப்பு. தவறியவர்கள் மூன்று ரகம்.

முதல் ரகம், தானாகவே சொந்தமாக ஊர் சுற்றப் போய் நேரத்தை விட்டவர். இவருக்குப் பணம் திரும்புவது கஷ்டம்.

இரண்டாவது ரகம், கம்பெனி விற்ற சுற்றுலாவில் போய், கம்பெனி ஏற்பாடு செய்த வண்டி வராமல் தவறியவர். அல்லது இரண்டு டிக்கெட்டையும் கம்பெனியோ ஏஜென்டோ விற்று, "சட்டத்தில் இடிக்கும்" என்று வாய் திறந்து சொல்லாததால் மாட்டியவர். இங்கே தப்பு விற்றவருடையது. பணத்தை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று அடித்துப் பேசலாம்.

மூன்றாவது ரகம், நெஞ்சு வலி, விபத்து என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டவர். அபராதத்தைக் குறைக்கவோ ரத்து செய்யவோ சுங்கத்துறைக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மனுப் போட வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் காட்ட வேண்டும். மனுப் போட வேண்டியது நோட்டீஸ் வாங்கிய கம்பெனி.

இங்கேதான் ஒரு சூட்சுமம். பிரயாணியிடம் பணத்தை எடுத்துக்கொண்ட பிறகு, கம்பெனி எதற்கு மனுப் போட்டு மல்லுக்கட்ட வேண்டும்? போனது அதன் பணம் இல்லையே! இன்னொரு பக்கம், அபராதம் குறைந்தோ ரத்தாகியோ போயிருந்தால், பிரயாணியிடம் முன்கூட்டியே எடுத்த பணம் யாரிடம் நிற்கிறது?

ஆகவே பாதிக்கப்பட்டவர் முதலில் கேட்க வேண்டியது, "என் பணத்தைக் கொடு" என்று அல்ல. "சர்க்காருக்கு நீ கட்டிய ரசீதைக் காட்டு" என்று கேட்க வேண்டும். கட்டவில்லை என்றால் பிடிப்பதற்குக் காரணமே இல்லை.

வழக்குப் போட மியாமி போக வேண்டுமா?

கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் அங்கே இன்னொரு பூட்டு. "வழக்கு இருந்தால் இன்ன ஊர்க் கோர்ட்டில்தான் போட வேண்டும்" என்று டிக்கெட்டில் எழுதியிருக்கும். பெரிய கம்பெனிகள் பலவற்றுக்கு அந்த ஊர் புளோரிடா மாநிலத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கோடியில் இருந்த ஒரு பெண் பிரயாணி கப்பலில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டார். 1991-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, "டிக்கெட்டில் எழுதியபடி புளோரிடாவுக்குத்தான் போக வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கருக்கே இந்தக் கதி!

நம்மவர்களுக்குக் கதவே இல்லையா? கொஞ்சம் திறந்திருக்கிறது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்கிறவர் தான் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற நம்பருக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

"நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற ஒன்றையும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஏற்பட்ட நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத தண்டத்தை நுகர்வோர் மீது சுமத்தும் ஒப்பந்தம் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதை மாவட்ட ஆணையத்தில் கேட்க முடியாது; சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் வாங்குகிறவரைக் கட்டாது என்று 2019-ல் ஒரு வீட்டு வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருப்பதும் கை கொடுக்கும்.

இந்தியாவில் ஆபீஸ் வைத்திருக்கும் டூர் கம்பெனியோ, உள்ளூர் ஏஜென்டோ டிக்கெட் விற்றிருந்தால் வழக்கு சுலபம். கூப்பிட்டால் வந்து நிற்க ஆள் இருக்கிறது. பையன் அமெரிக்காவில் கம்ப்யூட்டரில் பதிவு செய்த டிக்கெட் என்றால், இங்கே தீர்ப்பு வாங்கினாலும் அங்கே போய்ப் பணத்தை வசூலிப்பது பெரும்பாடு.

நம் கடலிலும் வேலி உண்டு

இந்தியாவிலும் இதே மாதிரி வேலி உண்டு. 1958-ம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 407-வது பிரிவுப்படி, அன்னியக் கப்பல் இந்தியத் துறைமுகத்துக்கும் இந்தியத் துறைமுகத்துக்கும் நடுவே தொழில் செய்ய லைசென்ஸ் வேண்டும் என்று இருந்தது. உல்லாசக் கப்பல்களுக்கு 2009-ல் இருந்து விலக்குக் கொடுத்தார்கள். 2025-ல் கடலோரக் கப்பல் போக்குவரத்துக்கு என்று தனிச் சட்டமே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதிலும் அன்னியக் கப்பலுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்ற அடிப்படை மாறவில்லை.

கப்பல் பயணம் இனிமேல் பணக்காரர் சங்கதி மட்டும் அல்ல. 2022 ஜூனில் சென்னையில் இருந்து கார்டீலியா உல்லாசக் கப்பலை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பினார். 2023 ஜூனில் சென்னையில் இருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் போனது. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. நின்று போய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கள்ளக்குறிச்சியில் ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் துறைமுகம்.

கடலில் அபராதம் என்றால் தமிழ்நாட்டுக்கு முதலில் ஞாபகம் வருவது மீனவர்கள். எல்லை தாண்டி மீன் பிடித்ததாக இலங்கை 2018-ல் கொண்டுவந்த சட்டத்தில் அபராதம் படகின் நீளத்தைப் பொறுத்து இலங்கைப் பணத்தில் 50 லட்சத்தில் இருந்து 17½ கோடி வரை போகிறது. உல்லாசப் பிரயாணியின் 900 டாலரோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆனால் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது: கடலில் கோடு கண்ணுக்குத் தெரியாது. தாண்டிய பிறகுதான் பில் வரும்.

போகிறவர்கள் கவனிக்க

கப்பல் ஏறப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

* ஏறும் துறைமுகமும் இறங்கும் துறைமுகமும் ஒரே நாட்டில் இருக்கின்றனவா, நடுவில் எந்த வெளிநாடு வருகிறது என்று கேட்க வேண்டும்.

* ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணம் போட்டால், "சட்டப்படி சரிதானா?" என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ப் பேச்சு கோர்ட்டில் நிற்காது.

* ஊர் பார்க்க இறங்கும்போது பாஸ்போர்ட், மாத்திரை, கொஞ்சம் பணம் கையோடு இருக்க வேண்டும். கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் சில சமயம் ஒரு மணி நேரம் மாறும்.

* தவறிவிட்டால் உடனே துறைமுகத்தில் உள்ள கப்பல் ஏஜென்டிடம் போய், எத்தனை மணிக்கு வந்தோம், ஏன் தவறியது என்று எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பஸ் டிக்கெட், சுற்றுலா ரசீது எதையும் தூக்கிப் போடக் கூடாது.

* கார்டில் பணம் பிடித்தால் பாங்குக்கு உடனே எழுதி ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அபராதத்துக்குப் பயண இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது.

1886-ல் சட்டம் போட்டவர்கள் கப்பல் முதலாளியைத்தான் குறி வைத்தார்கள். அவர் பாக்கெட்டில் இருந்து 2 டாலர் போனால் புத்தி வரும் என்று நினைத்தார்கள். இன்று அந்தச் சுமை பொடி எழுத்து வழியாக இறங்கி, பேரன் பேத்தியைப் பார்க்கப் போன பெரியவர் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலாளிக்கு வலிக்காத அபராதத்தால் முதலாளி திருந்தப்போவது இல்லை. அந்த ஒரு வரியை டிக்கெட்டில் இருந்து எடுக்கச் சொல்லி ஏதாவது ஒரு கோர்ட்டு உத்தரவு போடும்வரை, பிரயாணிதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டும்.